பல் மருத்துவரின் தட்டைத் தயாரிப்பது யார்?

பல் மருத்துவரின் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறக்கும் ஒருவரின் கண்ணில் படுபவை மூன்று: தலைக்கு மேலே ஒரு விளக்கு, முகக்கவசம் அணிந்த மருத்துவர், பக்கவாட்டில் ஒரு தட்டு. மருத்துவரைப் பற்றி நாம் ஏற்கெனவே நாலு பேரிடம் விசாரித்திருப்போம். அந்தத் தட்டைப் பற்றி மட்டும் எவரிடமும் கேட்டிருக்க மாட்டோம். அதிலுள்ள கருவிகள் இதற்கு முன் யார் வாயில் இருந்தன, எப்படிக் கழுவப்பட்டன, எந்த வெப்பத்தில் எவ்வளவு நேரம் வைக்கப்பட்டன, அவற்றை எடுத்து அடுக்கிய கை யாருடையது என்னும் கேள்விகள் நமக்குத் தோன்றுவதே இல்லை.

தோன்றியாக வேண்டும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு துயரமான சான்று உண்டு. 2022 ஜூலை தொடங்கி 2023 ஏப்ரல் வரையிலான காலத்தில் வட தமிழ்நாட்டில் 21 பேர் மூளையையும் நரம்பு மண்டலத்தையும் தாக்கும் மெலியாய்டோசிஸ் என்னும் அரிய தொற்றுக்கு ஆளாயினர். மண்ணிலும் நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியாவே இதற்குக் காரணம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நோய்ப்பரவலியல் நிறுவனம் உள்ளிட்டவற்றின் ஆய்வாளர்கள் இதன் மூலத்தைத் தேடிச் சென்றபோது, அவர்களுள் பத்துப் பேர் திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் உள்ள ஒரே பல் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்கள் எனத் தெரியவந்தது. அந்தப் பத்துப் பேரில் எட்டுப் பேர் உயிரிழந்தனர். 2025-இல் 'லான்செட்' குழுமத்தின் தென்கிழக்கு ஆசிய ஆய்விதழில் இந்த ஆய்வு வெளியானபோது பலரும் அதிர்ந்தனர்.

அதிர்ச்சிக்குக் காரணம் நோயின் கொடுமை மட்டுமன்று. அது பரவியதாக ஆய்வு காட்டிய வழியும்தான். ஈற்றுத் தசையை எலும்பிலிருந்து விலக்குவதற்கான ஒரு கருவியைக் கொண்டு சலைன் பாட்டில் திறக்கப்பட்டிருக்கிறது. மிஞ்சிய சலைன் கொட்டப்படாமல், அரைகுறையாக மூடிவைக்கப்பட்டு, அடுத்தடுத்த நோயாளிகளின் வாயைக் கழுவப் பயன்பட்டிருக்கிறது. திறந்து பயன்பாட்டில் இருந்த பாட்டிலில் அந்தப் பாக்டீரியா இருந்தது. திறக்கப்படாத பாட்டில்களில் இல்லை. அறுவையில் கை தவறவில்லை, நோய்க்கணிப்பு பிழைக்கவில்லை. சிகிச்சை தொடங்குவதற்கு முன்னரே, பொருள்களை எடுத்துவைக்கும் கட்டத்திலேயே, தவறு நேர்ந்துவிட்டது.

எந்தக் கருவியை எடுப்பது, எந்தப் பாட்டிலைத் திறப்பது, எதை மூடுவது, எதைக் கொட்டுவது என்பதைப் பெரும்பாலான பல் மருத்துவமனைகளில் நாள்தோறும் செய்பவர் மருத்துவர் அல்லர், உதவியாளர். அவருடைய பணி எத்தகையது என்பதை நாம் அறிந்துகொண்டால்தான், அப்பணியை நாம் எவ்வளவு அலட்சியமாக நடத்திவருகிறோம் என்பதும் விளங்கும்.

மூன்று வகைக் கருவிகள்

மருத்துவக் கருவிகளை எவ்வளவு தூரம் தூய்மைப்படுத்த வேண்டும் என்பதற்கு அமெரிக்க நுண்ணுயிரியலாளர் எர்ல் ஸ்பால்டிங் வகுத்த பகுப்பையே உலகம் இன்றும் பின்பற்றுகிறது. தசையையோ எலும்பையோ துளைத்து இரத்தத்தைத் தொடும் கருவிகள் முதல் வகை. பற்குறடு, வேரை நெம்பி எடுக்கும் கருவி, ஈற்றைக் கிழிக்கும் கத்தி, காரை சுரண்டும் கருவி ஆகியவை இதில் அடங்கும். இவற்றில் ஒரு நுண்ணுயிர்கூட மிஞ்சக்கூடாது. இரத்தத்தைத் தொடாமல் வாயின் ஈரப்பரப்பை மட்டும் தொடுபவை இரண்டாம் வகை. வாய்க்கண்ணாடியும் அளவெடுக்கும் அச்சுத் தட்டும் இதைச் சார்ந்தவை. இவையும் வெப்பத்தைத் தாங்குமானால் முதல் வகையைப் போலவே நுண்ணுயிர் நீக்கம் செய்யப்பட வேண்டும். தோலை மட்டும் தொடும் நாற்காலி, விளக்கின் கைப்பிடி, எக்ஸ்-ரே கருவியின் தலைப்பகுதி முதலியவை மூன்றாம் வகை. இவற்றுக்கு ஒவ்வொரு நோயாளிக்குப் பின்னும் கிருமிநாசினித் துடைப்போ, மாற்றத்தக்க உறையோ போதும்.

ஒரு நோயாளி எழுந்து சென்றதும் தட்டில் கிடக்கும் பத்துப் பதினைந்து பொருள்களை இந்த மூன்று வகைகளாகவும், எறிய வேண்டியவை என்னும் நான்காவது வகையாகவும் பிரிப்பதே உதவியாளரின் முதல் வேலை. ஊசியும் கத்தி அலகும் துளைக்க முடியாத வெள்ளைக் கலனுக்குச் செல்லும். இரத்தம் தோய்ந்த பஞ்சும், பிடுங்கிய பல்லும் மஞ்சள் பைக்கு. கழிவான நெகிழிக் குழாய்கள் சிவப்புப் பைக்கு. கண்ணாடி மருந்துக் குப்பிகள் நீலக் கலனுக்கு. 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் இந்த நிறப்பகுப்பைக் கட்டாயமாக்கியுள்ளன. வெள்ளிப்பூச்சு எனப்படும் அமால்கம் அடைத்த பல்லைப் பிடுங்கியிருந்தால், அதிலுள்ள பாதரசம் எரிக்கப்படும் குப்பையோடு சேர்ந்துவிடாமல் தனியே வைக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கழுவுதல் முதல் பொதிதல் வரை

நுண்ணுயிர் நீக்கம் என்றவுடன் ஆட்டோகிளேவ் என்னும் நீராவி அழுத்தக்கலனையே பலரும் நினைப்பர். பாஸ்டரின் கூட்டாளியான சார்லஸ் சாம்பர்லேண்ட் 1879-இல் உருவாக்கிய அந்தக் கலன் மருத்துவ உலகின் பெரும் கொடை என்பதில் ஐயமில்லை. ஆனால், அதற்கு முந்தைய படிநிலைகள் தவறினால் அக்கலனால் பெரிதாக ஒன்றும் செய்ய இயலாது.

முதலாவது, கழுவுதல். கருவியின் பற்களிலும் கீல்களிலும் இரத்தமும் எச்சிலும் காய்ந்துவிட்டால், அவற்றின் புரதம் ஒரு மேலுறையாகி, உள்ளிருக்கும் நுண்ணுயிர்களை நீராவியிடமிருந்து காத்துவிடும். ஆகவே கருவிகள் காய்வதற்கு முன்னரே கரைசலில் இடப்பட வேண்டும். பின்பு, ஒலியலைகளால் அழுக்கை உதிர்க்கும் மீயொலித் தொட்டியிலோ, நீண்ட கைப்பிடித் தூரிகையாலோ கழுவ வேண்டும். கழுவுபவர் பரிசோதனைக்கான மெல்லிய கையுறையோடு நின்றுவிடக்கூடாது. தடித்த கையுறை அணிய வேண்டும். காரை சுரண்டும் கருவியின் முனை ஊசியைப் போலவே தோலைக் கிழிக்கும்.

இரண்டாவது, உலர்த்தலும் பொதிதலும். ஈரக் கருவி உறைக்குள் துருப்பிடிக்கும். குறடு போன்ற கீலுள்ள கருவிகளைத் திறந்த நிலையில் வைக்காவிட்டால் மூடிய இடுக்கினுள் நீராவி நுழையாது. உறையின் மீது நாளையும், எந்தச் சுற்றில் வெந்தது என்பதையும் எழுத வேண்டும்.

மூன்றாவது, வெப்பம். 121 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 15 முதல் 30 நிமிடம், அல்லது 134 டிகிரியில் மூன்று, நான்கு நிமிடம் என்பது பொதுவான அளவு. கலனைச் சூடேற்றவும் பின்னர் உலர்த்தவும் ஆகும் நேரம் இதில் சேராது. உறைகளை நெருக்கித் திணித்தால் நடுவில் உள்ளவற்றுக்கு நீராவி எட்டாது. ஈரமாக வெளிவரும் உறையைத் தொட்டவுடனே கையிலுள்ள நுண்ணுயிர் அந்த ஈரத்தின் வழியே உள்ளே செல்லும். எனவே ஈர உறை தூய்மை இழந்ததாகவே கருதப்படும். வெந்நீரில் கொதிக்கவைத்தாலே போதும் என்னும் பழைய நம்பிக்கை சில இடங்களில் இன்னும் தொடர்கிறது. 100 டிகிரிக் கொதிநீரில் பாக்டீரியாக்களின் வித்துகள் பிழைத்துக்கொள்ளும். ஸ்பிரிட் தடவித் துடைப்பதும் நுண்ணுயிர் நீக்கம் ஆகாது. பல்லைக் குடையும் சுழல்கருவியைத் துடைத்துவிட்டு அடுத்தவர் வாயில் வைக்கும் வழக்கம் இந்த வகையில் மிக ஆபத்தானது. அக்கருவி நிற்கும் தருணத்தில் எச்சிலையும் இரத்தத்தையும் தன்னுள்ளே உறிஞ்சிக்கொள்ளக்கூடியது.

நான்காவது, சான்று. உறையின் மீதுள்ள நாடா நிறம் மாறினால் எல்லாம் முடிந்துவிட்டது எனக் கருதுவோர் உண்டு. நாடாவின் நிறமாற்றம், அந்த உறை சூட்டுக்கு உட்பட்டது என்பதை மட்டுமே சொல்லும். உள்ளே உயிர்கள் உண்மையிலேயே அழிந்தனவா என்பதை அறிய, வெப்பத்தைப் பெரிதும் தாங்கவல்ல ஒரு பாக்டீரியாவின் வித்துகள் அடங்கிய சிறு குப்பியைக் கருவிகளோடு சேர்த்து வேகவைத்து, பின்னர் அவை முளைக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வாரம் ஒருமுறை இச்சோதனையைச் செய்து முடிவைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்பது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் பல் மருத்துவமனைகளுக்காக 2003-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களின் பரிந்துரை.

இச்சோதனையைத் தவிர்த்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 2013-இல் அமெரிக்காவின் டல்சா நகரில் ஒரு வாய் அறுவை மருத்துவரின் மருத்துவமனையைச் சோதித்த அதிகாரிகள், துருப்பிடித்த கருவிகளையும், ஆண்டுக்கணக்கில் சோதிக்கப்படாத ஆட்டோகிளேவையும் கண்டனர். ஏறத்தாழ 7,000 நோயாளிகள் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுமாறு அழைக்கப்பட்டனர். பல் மருத்துவமனையில் ஒரு நோயாளியிடமிருந்து இன்னொரு நோயாளிக்கு ஹெபடைடிஸ் சி பரவியது அந்நாட்டில் முதன்முறையாக உறுதிசெய்யப்பட்டது அங்கேதான்.

தட்டின் ஒழுங்கு

தூய்மையான கருவிகள் கிடைத்த பின்னரே தட்டை அடுக்கும் வேலை தொடங்குகிறது. உதவியாளர் முதலில் கையில் எடுக்க வேண்டியது கருவியை அன்று, நோயாளியின் குறிப்பேட்டை. இன்று என்ன சிகிச்சை, எந்தப் பல், இரத்தக் கொதிப்போ இதய நோயோ உண்டா, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உட்கொள்கிறாரா, இரப்பர் கையுறையோ பென்சிலினோ ஒவ்வாதவரா என்பவற்றைப் பார்த்த பின்னரே எதை எடுத்துவைப்பது என்பது முடிவாகும்.

எல்லாத் தட்டுகளுக்கும் பொதுவானவை வாய்க்கண்ணாடி, சொத்தையைத் தடவிப் பார்க்கும் கூர்முனைக் கருவி, சிறு இடுக்கி ஆகிய மூன்றும், பஞ்சும், எச்சிலை உறிஞ்சும் குழாயும். பல் பிடுங்குவதற்கு மரத்துப்போகும் ஊசி, நெம்பி, உரிய பற்குறடு, கடித்துக்கொள்ளும் துணிப்பஞ்சு ஆகியவை சேரும். மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும், முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் குறடுகள் வேறுவேறு. மேல் கடைவாய்ப்பல்லில் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும்கூடக் குறடு மாறும். வேர்ச் சிகிச்சைக்கு, வேர்க்கால்வாயைச் சுரண்டும் அரங்கள் அளவு வரிசையில் வேண்டும். அவற்றின் கைப்பிடி நிறம் உலகெங்கும் ஒன்றே: 15 வெள்ளை, 20 மஞ்சள், 25 சிவப்பு, 30 நீலம், 35 பச்சை, 40 கறுப்பு. அந்த அரம் நோயாளியின் தொண்டைக்குள் நழுவிவிடாமல் காக்கும் இரப்பர் திரையும் தட்டில் இருந்தாக வேண்டும்.

கருவிகள் பயன்படும் வரிசையிலேயே அடுக்கப்படுவதற்கும் காரணம் உண்டு. வலக்கைப் பழக்கமுள்ள மருத்துவர் நோயாளியின் வலப்புறம் அமர்வார். நோயாளியின் முகத்தை ஒரு கடிகாரமாகக் கொண்டால், உதவியாளரின் இடம் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையே. கருவிகள் கைமாறும் இடம் நான்கிலிருந்து ஏழு மணி வரை, நோயாளியின் மார்புக்கு மேலே. ஒருபோதும் கண்ணுக்கு மேலே அன்று. வரிசை சரியாக இருந்தால் மருத்துவர் வாயிலிருந்து பார்வையை எடுக்காமலேயே அடுத்த கருவியைப் பெறலாம். வரிசை குலைந்தால், அல்லது ஒன்று விட்டுப்போனால், யாரேனும் இரத்தம் படிந்த கையுறையோடு அலமாரிக் கைப்பிடியைத் திறக்க நேரும். அந்தக் கைப்பிடியை அடுத்த நோயாளிக்கான தட்டைத் தயாரிப்பவர் தொடுவார். தட்டில் விடுபட்ட ஒரு பொருளே தூய்மையை உடைப்பதற்கான தொடக்கமாகிவிடுவது இப்படித்தான்.

நொடிக் கணக்கில் கெட்டுப்போகும் பொருள்கள்

கருவிகளைவிடப் பொருள்கள் இன்னும் நுட்பமானவை. பல் செட்டுக்கு அச்செடுக்கப் பயன்படும் ஆல்ஜினேட், கடற்பாசியிலிருந்து பெறப்படும் தூள். டப்பாவினுள் அடியில் தங்கிவிடும் என்பதால் அளப்பதற்கு முன் குலுக்க வேண்டும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் அது வாய்க்குப் போவதற்கு முன்பே இறுகத் தொடங்கிவிடும். சித்திரை வெயிலில் மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்நீரில் அதைக் கலக்கும் உதவியாளர், அச்சு ஏன் பிசகியது என்று புரியாமல் திகைப்பார்; நோயாளிக்குப் பொருந்தாத பல் செட் கிடைக்கும்.

கண்ணாடி அயனோமர் எனப்படும் அடைப்புச் சிமெண்டைத் தூளும் திரவமுமாக முப்பது, நாற்பது நொடிகளுக்குள் கலந்து முடிக்க வேண்டும். கலவையில் பளபளப்பு இருக்கும்வரைதான் அது பல்லோடு வேதிமுறையில் பிணையும். பளபளப்பு மங்கிய பின் வைத்தால் அடைப்பு சில மாதங்களில் பெயர்ந்துவிடலாம். பல் நிறத்தில் வைக்கப்படும் கலப்புப் பிசின் நீல ஒளியில் இறுகுவது. தலைக்கு மேலுள்ள விளக்கின் ஒளியிலேயே மெல்ல இறுகத் தொடங்கும் என்பதால் மூடிவைக்க வேண்டும்.

பல் மருத்துவமனைக்குள் நுழைந்ததும் நம்மை வரவேற்கும் கிராம்பு மணம், துத்தநாக ஆக்சைடோடு கலக்கப்படும் யூஜினாலுக்கு உரியது. நம் பாட்டிமார் பல்வலிக்குக் கிராம்பை அதக்கிக்கொள்ளச் சொன்னதும் இதே வேதிப்பொருளின் பயனால்தான். ஆனால், கலப்புப் பிசின் வைக்கவிருக்கும் பல்லில் யூஜினால் படிந்திருந்தால் பிசின் சரியாக இறுகாது. எந்தப் பொருளோடு எதைச் சேர்த்து எடுத்துவைக்கக்கூடாது என்பதும் உதவியாளர் கற்க வேண்டிய பாடமே.

இவை அனைத்தையும்விட அச்சத்துக்குரியது நிறமற்ற திரவங்களின் குழப்பம். மரத்துப்போகச் செய்யும் லிக்னோகைன், வேரைக் கழுவும் சலைன், கால்வாயிலுள்ள அழுகிய திசுவைக் கரைக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட் ஆகிய மூன்றும் சிரிஞ்சுக்குள் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். நம் நாட்டில் மரத்துப்போகும் மருந்தைப் பெரிய குப்பியிலிருந்து சாதாரண சிரிஞ்சில் உறிஞ்சி எடுக்கும் வழக்கம் பரவலாக இருப்பதால் இந்தக் குழப்பத்துக்கு வாய்ப்பும் மிகுதி. வெளுப்புக் காரமான ஹைப்போகுளோரைட்டைத் தவறுதலாகத் தசைக்குள் செலுத்திவிட்டால் கடும் வலியும் வீக்கமும், தசை அழுகலும்கூட நேரலாம். இத்தகைய பிழைகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. தடுப்பதற்குத் தேவைப்படுவது ஒரு பேனாவும் ஒட்டுச்சீட்டும்தான்: நிரப்பியவுடன் பெயர் எழுதி ஒட்டுவது, இரண்டுக்கும் வேறு அளவுச் சிரிஞ்சைப் பயன்படுத்துவது, கொடுக்கும்போது பெயரை வாய்விட்டுச் சொல்லிக் கொடுப்பது.

சலைன் பாட்டிலுக்கு மீண்டும் வருவோம். ஒரு பல்லைப் பிடுங்கிய குழியைக் கழுவச் சில மில்லி லிட்டர் போதும். பாட்டிலோ பெரும்பாலும் 500 மில்லி. மிச்சத்தைக் கொட்ட மனம் வராதது நம் வீட்டுப் பழக்கம். அடுக்களையில் அது நல்ல பழக்கமும்கூட. ஆனால், சலைனில் நுண்ணுயிரைத் தடுக்கும் பாதுகாப்புப் பொருள் எதுவும் இல்லை. மூடி திறந்த கணத்திலிருந்து அது வெறும் உப்புநீர். சிறிய பாட்டில்களை வாங்குவதும், மிஞ்சியதை அன்றே, அந்த நோயாளியோடே கொட்டிவிடுவதும் மட்டுமே வழி. பல முறை பயன்படும் மருந்துக் குப்பிக்கும் இதே விதி சற்று மாறிப் பொருந்தும்: ஒவ்வொரு முறையும் புதிய ஊசி, புதிய சிரிஞ்சு.

யார் இந்த உதவியாளர்?

1885-இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் எட்மண்ட் கெல்ஸ் என்னும் பல் மருத்துவர் ஒரு பெண்ணை உதவிக்கு அமர்த்தியதைப் பல் மருத்துவ உதவியாளர் பணியின் தொடக்கமாகக் குறிப்பிடுவர். துணையின்றி வரத் தயங்கிய பெண்களுக்கு நம்பிக்கையளிக்க, மருத்துவமனையில் ஒரு பெண் இருக்கிறார் என்று அறிவிப்புப் பலகையும் வைத்தாராம். அந்தத் துணைப்பணி ஒன்றேகால் நூற்றாண்டில் தனித் தொழிலாக வளர்ந்தது. பிரிட்டனில் 2008 முதல் பயிற்சியும் பதிவும் இல்லாமல் எவரும் பல் மருத்துவச் செவிலியராகப் பணியாற்ற முடியாது.

இந்தியாவில் 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டம் மூவரைப் பதிவுக்குரியவராக்கியது: பல் மருத்துவர், பல் சுகாதாரப் பணியாளர், பல் செட்டு முதலியவற்றைச் செய்யும் பல் இயந்திரவியலாளர். நாற்காலியருகே நின்று தட்டைத் தயாரிக்கும் உதவியாளர் அந்தப் பட்டியலில் இல்லை. தமிழ்நாட்டில் தனியார் மருத்துவ நிறுவனங்களை முறைப்படுத்தும் 1997-ஆம் ஆண்டுச் சட்டமும், அதற்கென 2018-இல் வெளியான விதிகளும் கட்டடத்தையும் வசதிகளையும் பற்றிப் பேசுகின்றன. ஆனால், அன்றாட நடைமுறையில், ஊர்ப்புறத்துச் சிறு மருத்துவமனை ஒன்றில் பள்ளிப்படிப்பை முடித்த ஓர் இளம்பெண் வேலைக்குச் சேர்ந்தால், முன்னவர் செய்வதைப் பார்த்துச் சில நாள்களில் கற்றுக்கொள்வார். வரவேற்பு மேசை, தொலைபேசி, தரை துடைப்பு, பணம் வாங்குதல் ஆகியவற்றுக்கு இடையில் கருவிகளையும் கழுவுவார். முன்னவர் தவறாகக் கற்றிருந்தால் அந்தத் தவறும் மரபாகக் கைமாறும். சலைன் பாட்டிலை எதைக் கொண்டு திறப்பது என்பதை எவரும் எழுதிவைத்துக் கற்பிப்பதில்லை.

அவருக்கு இருக்கும் ஆபத்தும் சிறிதன்று. தடுப்பாற்றல் இல்லாத ஒருவருக்கு, ஹெபடைடிஸ் பி தொற்றுள்ளவரின் இரத்தம் படிந்த ஊசி குத்தினால் தொற்று ஏற்படும் வாய்ப்பு 6 முதல் 30 விழுக்காடு வரை. அந்தக் கிருமி காய்ந்த பரப்பில் ஒரு வாரம்கூட உயிர்த்திருக்கும். மூன்று தவணைத் தடுப்பூசி இதற்கு ஏறத்தாழ முழுப் பாதுகாப்பைத் தரும். தன் உதவியாளருக்கு அத்தடுப்பூசியைப் போட்ட பின்னரே கருவியைத் தொடவிட வேண்டும் என்பது மருத்துவரின் எளிய கடமை. பயன்படுத்திய ஊசிக்கு இரு கையாலும் மூடி போடாமல், தட்டில் கிடத்திய மூடிக்குள் ஒரே கையால் ஊசியை நுழைத்தெடுக்கும் முறையைக் கற்றுத்தர ஐந்து நிமிடம் போதும்.

கணக்கு எங்கே இடிக்கிறது?

பழியை உதவியாளர் மீது சுமத்திவிட்டு நகர்ந்துவிடுவதும் நியாயமாகாது. ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். மாலை ஐந்து மணி முதல் ஒன்பது வரை, இரண்டு நாற்காலிகளில் பதினைந்து நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவமனை ஒன்றில் மூன்று கருவித் தொகுதிகள் மட்டுமே உள்ளன என்று வைத்துக்கொள்வோம். ஒரு சிகிச்சைக்கு அரை மணி நேரம்; கழுவி, உலர்த்தி, பொதிந்து, வேகவைத்து, ஆற வைக்க ஒரு மணி நேரம். ஆக, ஒரு தொகுதி மீண்டும் பயன்பாட்டுக்கு வர ஒன்றரை மணி நேரம் ஆகும். நான்கு மணி நேரத்தில் ஒரு தொகுதியை மூன்று பேருக்கு மேல் பயன்படுத்த முடியாது. மூன்று தொகுதிகளுக்கு ஒன்பது பேர். எஞ்சிய ஆறு பேருக்கு என்ன செய்வது? அந்த ஆறு பேரின் தட்டில்தான் ஸ்பிரிட் துடைப்பும், அவசரக் கழுவலும் நுழைகின்றன. உதவியாளர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் இல்லாத கருவியை அவரால் உருவாக்க முடியாது. கூடுதல் கருவித் தொகுதிகளை வாங்குவது மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு. அதற்கான செலவு சிகிச்சைக் கட்டணத்தில் நியாயமாகச் சேரும்போது முகம் சுளிக்காமல் ஏற்பது நம் பங்கு.

அரசு செய்ய வேண்டியவை மலையளவு கடினமானவை அல்ல. நாற்காலியருகே பணிபுரியும் ஒவ்வொருவருக்கும் தமிழிலேயே நடத்தப்படும் ஒரு குறுகிய, கட்டாயமான நோய்த்தொற்றுத் தடுப்புப் பயிற்சி வேண்டும். மாநிலத்தின் பல் மருத்துவக் கல்லூரிகள் அதை நடத்தலாம். பயிற்சி பெற்றோருக்குப் பதிவு எண் வழங்கப்பட வேண்டும். பதிவு வந்தால் ஊதியத்துக்கும் ஓர் அடிப்படை வரும். ஊதியம் கூடினால் அனுபவம் பெற்றவர் சில மாதங்களில் வேறு வேலைக்குப் போகமாட்டார். மருத்துவமனைகளை ஆய்வுசெய்ய வரும் அலுவலர் கட்டட உரிமத்தோடு வித்துச் சோதனைப் பதிவேட்டையும் கேட்டுப் பார்க்க வேண்டும். 2023-இல் நிறைவேறிய தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் பல் மருத்துவக் கல்வியையும் தொழிலையும் புதிதாக ஒழுங்குபடுத்த முனையும் இவ்வேளையில், உதவியாளரையும் மறவாமல் கணக்கில் கொள்வதே பொருத்தம்.

நோயாளியாகிய நாம் செய்யக்கூடியதும் உண்டு. கருவி உறையை நம் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லலாம். சலைன் பாட்டிலோ மருந்துக் குப்பியோ எப்போது திறக்கப்பட்டது என்று கேட்கலாம். சுழல்கருவியும் ஆட்டோகிளேவில் வைக்கப்பட்டதா என்று வினவலாம். தட்டைத் தயாரித்தவரின் பெயரையும் கேட்டறியலாம். நல்ல மருத்துவர் எவரும் இக்கேள்விகளுக்குச் சினம் கொள்ளமாட்டார். நல்ல உதவியாளர் மகிழவே செய்வார், தம் உழைப்பை ஒருவர் கவனித்தாரே என்று.

பல் போனால் சொல் போகும் என்பது நம் ஊர்ப் பழமொழி. பல்லைக் காக்கச் சென்ற எட்டுப் பேரின் உயிரே போனது. அடுத்த முறை நாற்காலியில் சாயும்போது, விளக்கின் கூச்சத்தில் கண்ணை மூடுவதற்கு முன், பக்கத்திலுள்ள தட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு வாயைத் திறப்போம்.